தலைப்பில்லாத தாள்கள்

காலை ஐந்தே முக்கால் மணி. மலாயாவில் ரெங்கத்திலிருந்து ஏழு மைல் உள்ளே இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் நேரத்துக்கு அங்கே பிரட்டு என்று பெயர். தினமும் பேர் வாசிப்பவன் நான். அன்று மட்டும் ஆட்களின் பேர்ப்பட்டியலான என் செக்ரோல் புத்தகத்தை நான் திறக்கவில்லை. துரையின் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் நின்றார். அவருக்குப் பின்னால் ஆறு மாத்தா-மாத்தாக்கள், மலாய்ப் போலீஸ்காரர்கள். இன்ஸ்பெக்டர் தம் கையிலிருந்த தாள்களைத் துபாஷியிடம் கொடுத்தார். துபாஷி அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார்.

"முனியாண்டி, நம்பர் பதினேழு."

"இருக்கேங்க."

"இது உன் கைரேகைதானா? வந்து பாரு."

முனியாண்டி குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாங்க, என்னோடதுதான்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

நான்காவது பேரிலேயே அது என் வரிசை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மாரியம்மன் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து நான் எழுதிய பேர்கள் அவை. தொழிலாளர் இலாகாவுக்கு நாங்கள் எழுதிய மனுவுக்குப் பதில் வந்துவிட்டது, அரசாங்கமே ஆள் அனுப்பி ஒவ்வொருவரையும் விசாரிக்கிறது என்று நினைத்தேன். ஆட்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பேர் வாசிக்க வாசிக்க முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். "என்னோடதும் இருக்கும் பாருங்க துரை" என்று ஒரு கிழவர் கூப்பிடாமலே வந்து நின்றார். என் ஆயுளில் நான் மிகவும் சந்தோஷமாக நின்ற பிரட்டு அது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இதை எழுத வேண்டிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் இளைய மகன் ஜொகூர் பாருவில் கிராணியாக, ஆபீஸ் எழுத்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. அவனும் அவன் கூட்டாளிகளும் ஒரு சங்கம் தொடங்கப்போகிறார்களாம். கட்சியிலிருந்து ஒருவர் வந்து, எல்லா உதவியும் செய்கிறேன் என்கிறாராம். "அப்பா, உங்களுக்கு அனுபவம் இருக்கிறது. எங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுங்கள்" என்று கடிதம் போட்டிருக்கிறான். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று எழுத எனக்கு வாய் இல்லை. சங்கம் தப்பு என்று நான் நினைக்கவில்லை. கட்சிக்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றும் சொல்லமாட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டை தொடங்குவதற்குச் சில மாதம் முன்னால், இருபது வயதில் நான் கப்பல் ஏறி வந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் வெட்டுக்கத்தி பிடிக்காமல் பேனா பிடித்தேன். முதல் மூன்று வருஷம் ஸ்டோரில் ரப்பர் பாலை எடை போட்டேன். பிறகு ஆபீசில் சின்னக் கிராணி. அதற்கு மேல் நான் போகவில்லை. மேலே கனகசபை ஐயா இருந்தார்.

பெரிய கிராணி கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டில் ஒரு சொட்டு மை பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். தப்பு செய்த தாளை நம் முன்னால் வைத்து, ரூல்தடியின் நுனியால் தப்பு இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நாம் திருத்தி முடிக்கும்வரை திரும்பமாட்டார். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று இருபது வருஷத்தில் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. என் வீட்டு வாசலை மிதித்ததும் இல்லை.

சம்பளத் தாளில் கைரேகை வாங்குவதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். பால் மரம் வெட்டுகிறவர்களின் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். காய்ந்த பால் வேறு தோல் மாதிரி ஒட்டியிருக்கும். தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்து அதை உரித்தெடுக்க வேண்டும். பிறகு பெருவிரலை மையில் வைத்து, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தாளில் உருட்ட வேண்டும். அழுத்தினால் வெறும் கறுப்புப் பொட்டுத்தான் விழும். ரேகைக்குப் பக்கத்தில் செக்ரோல் நம்பரும் பேரும். முதல் தாளில் மட்டும் தலைப்பு. பின்னால் வரும் தாள்களில் வெறும் கோடுகள்.

"தலைப்பு ஒரு தாளில இருந்தால் காணும். ஒவ்வொண்டிலும் எழுதி நேரத்தை வீணாக்காதையும்" என்பார். கடைசியில் எல்லாத் தாள்களையும் அடுக்கி, இடது ஓரத்தில் ஊசியால் மூன்று துளை போட்டு, நூல் கோத்து முடிச்சிட வேண்டும். இதை மாதாமாதம் செய்தேன். என் கை தானாகவே செய்யும்.

மனுவின் கதைக்கு வருகிறேன். பெற்றவர்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் பாதிக் கூரை இல்லை. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆயா, அவளுக்கும் கண் மங்கல். ஒரு மழைநாளில் வீரம்மாவின் ஒன்றரை வயதுப் பெண் தவழ்ந்துபோய்ப் பின்பக்கத்துக் கால்வாயில் விழுந்துவிட்டது. ஆயா பார்க்கவில்லை. வீரம்மா மரம் வெட்டுகிறவள், முப்பது வயதிருக்கும். பிள்ளையைப் புதைத்த மறுநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "கூரை போடுங்க. ரெண்டாவது ஆயா போடுங்க. கால்வாய்க்கு மூங்கில் கட்டுங்க. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். துரை அவளுக்கு ஒருநாள் வேலை இல்லையென்று எழுதச் சொன்னார். எழுதினவன் நான்.

என் மூத்த மகன் நடேசனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஸ்டோரில் வேலை. அவனும் வீரம்மாவும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். பெரிய பெயரெல்லாம் இல்லை. கோயில் முற்றத்தில் உட்கார்ந்து பேசுவார்கள், அவ்வளவுதான். தொழிலாளர் இலாகாவுக்கு மனு எழுதிக் கொடுக்கும்படி நடேசன் என்னிடம் கேட்டான்.

"நீயே எழுதலாமே. உன் எழுத்தும் என் எழுத்தும் ஒண்ணுதானே" என்றேன்.

"நீங்க எழுதுனா முறையா இருக்கும்பா."

அவனுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவன் நான். என் சுழி, என் கோணல் எல்லாம் அப்படியே அவனுக்கும் வரும். முறையாக இருக்கும் என்று மகன் சொன்ன பெருமையில் எழுதினேன். முதல் தாளில் மூன்று கோரிக்கைகள். பின்னால் ஆறு தாள்களில் செக்ரோல் வரிசைப்படி பேர்களும் ரேகைகளும். சம்பளத் தாள் போலவே. தலைப்பு முதல் தாளில் மட்டும்.

அந்தச் சமயத்தில் சோப்பு விற்க வருகிற ராஜு என்பவர் ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். சிங்கப்பூர்க்காரர், நன்றாகப் பேசுவார். சிவப்புக் கொடிக் கட்சியின் ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவரும் கோயில் முற்றத்தில் இருந்தார். நான் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"இத தபால்ல போட்டா தோட்டத்து ஆபீசுக்கே திரும்பி வந்துரும். எங்ககிட்ட குடுங்க, நேர்ல சேத்துடுறோம். காப்பி எடுத்துப் பேப்பருக்கும் குடுப்போம்" என்றார் ராஜு.

வீரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு கொட்டாய்க்குக் கூரை போடறதுக்குக் கட்சி எதுக்குண்ணே?"

"அக்கா, கூரை கேட்டா கூரை குடுப்பான். அடுத்த வருசம் புடுங்கிக்குவான். குடுக்கறவன் கையில அதிகாரம் இருக்கற வரைக்கும் இதே கததான்."

"அடுத்த வருசத்த அடுத்த வருசம் பாத்துக்கலாம். இந்த மழைக்கு எனக்குக் கூரை வேணும். ஒங்க சோப்புல நொர வர்றதுக்குள்ள துணி கிழிஞ்சிருது, நீங்க நாட்ட மாத்தப் போறீங்களாக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜுவும் சிரித்தார். நடேசன் மட்டும் சிரிக்கவில்லை. "நமக்கு வெளியில யாரு இருக்கா வீரம்மாக்கா? இவங்கதானே இருக்காங்க" என்றான். அது உண்மைதான். வேறு யாரும் எங்களைத் தேடி வந்ததில்லை. நான் முடிச்சிட்ட மனுவை ராஜு தன் சோப்புப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஏழு வாரம் கழித்துத்தான் அந்தப் பிரட்டு.

துபாஷி கடைசிப் பேரை வாசித்து முடித்ததும் இன்ஸ்பெக்டர் ஏதோ சொன்னார். "இந்தப் பேர்களை எழுதினது யாரு?" என்று துபாஷி கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். பெருமையோடு "நான்தான்" என்று சொல்ல ஒரு காலை முன்னால் வைத்துவிட்டேன். அதற்குள் ஸ்டோர் ஆட்களின் வரிசையிலிருந்து நடேசன் வெளியே வந்தான்.

"நான்தாங்க எழுதினேன்."

அப்பன் பெருமையை மகன் தட்டிப் பறிக்கிறானே என்று ஒரு கணம் எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகுதான் இன்ஸ்பெக்டர் முதல் தாளைத் தூக்கிப் பிடித்தார். அது என் தாள் இல்லை. அச்சடித்த தாள். அரசாங்கத்தைக் கவிழ்ப்போம், சுல்தானும் வெள்ளைக்காரனும் ஒழியட்டும், ஆயுதம் எடுப்போம், கீழே கண்டவர்கள் இதற்கு உடன்பட்டவர்கள் என்று இருந்தது. துபாஷி அதை மெதுவாகப் படித்தார். சிங்கப்பூரில் கட்சிக்காரர்கள் இருந்த ஒரு வீட்டைச் சோதனை போட்டபோது கிடைத்ததாம். அதை நடேசன் என்னைவிட முன்னால், வரிசையில் நின்றபடியே பார்த்திருக்கிறான்.

நூற்று நாற்பது பேர் "என் ரேகைதான்" என்று தங்கள் வாயாலேயே சொல்லி முடித்திருந்தார்கள். வீரம்மாதான் கத்தினாள்: "நாங்க கூரை கேட்டோம் துரை! கூரைதான் கேட்டோம்!" ஒரு மாத்தா-மாத்தா அவளைப் பிடித்துப் பின்னால் தள்ளினான். நடேசன் கையில் விலங்கு மாட்டினார்கள். அவன் என்னைப் பார்த்துத் தலையைச் சற்று அசைத்தான், பேசாதீர்கள் என்பது போல. முன்னால் வைத்த காலை நான் பின்னால் எடுத்தேன். யாரும் பிடித்து இழுக்கவில்லை. நானாகத்தான் எடுத்தேன்.

ஆபீசில் கனகசபை ஐயா கதவைச் சாத்தினார். மேசைமேல் ரூல்தடி இருந்தது, அதைத் தொடவில்லை.

"இருபது வருஷமாய் உம்மட எழுத்தைப் பார்க்கிறன் காணும். அது ஆருடையது எண்டு எனக்குத் தெரியாதோ? இப்ப நீர் போய்ச் சொன்னால் அவனை விடமாட்டாங்கள். உம்மையும் சேர்த்துக் கொண்டு போவாங்கள். வீட்டில மற்றப் பிள்ளையளுக்குச் சோறு போடுறது ஆர்?"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று திருத்துவதற்கு என் முன்னால் தாள் எதுவும் இல்லை. நான் அழுதுகொண்டு நின்றேன். அவர் திரும்பவில்லை.

நடேசனை ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோனார்கள். இந்தியாவுக்கு நாடு கடத்தப்போவதாகச் செய்தி வந்தது. இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் அவன். இந்தியாவில் அவனுக்குத் தெரிந்த ஒரு முகம் கிடையாது.

மறுநாள் ஆட்கள் வேலைக்குப் போகவில்லை. வீரம்மா தலைமையில் கோயில் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். நடேசனை விட வேண்டும், எங்கள் மனுவைத் தேடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். முதல்நாள் துரையே வந்து பேசினார். தொழிலாளர் இலாகா அதிகாரியை வரவழைக்கிறேன் என்றார். இரண்டாம் நாள் ரெங்கம் பக்கத்திலிருந்து முப்பது பேர் சிவப்புக் கொடியோடு வந்தார்கள். எங்களில் ஒருவரும் அவர்களைக் கூப்பிடவில்லை. எல்லாத் தோட்டங்களிலும் வேலையை நிறுத்த வேண்டும், இதுதான் சமயம் என்று பேசினார்கள்.

வீரம்மா எழுந்துபோய் அவர்கள் முன்னால் நின்றாள். "நாங்க எங்க புள்ளய மீக்க உக்காந்திருக்கோம். ஒங்க கொடியச் சுருட்டுங்க. கும்புட்டுக் கேக்கறேன், சுருட்டிட்டு அப்பறம் உக்காருங்க."

"அக்கா, ஒரு ஆளுக்காக இல்ல இது. எல்லாருக்காகவும்."

"அந்த ஒரு ஆளு ஒங்களாலதான் உள்ள இருக்கான்!"

கொடியைச் சுருட்டவில்லை. பன்னிரண்டு மணிக்கு லாரியில் போலீஸ் வந்தது. துரை சொன்ன அதிகாரி வரவில்லை. சாயங்காலத்துக்குள் ஆறு குடும்பத்தைச் சாமான்களோடு தோட்டத்து எல்லைக்கு வெளியே இறக்கிவிட்டார்கள். அதில் வீரம்மாவும் ஒருத்தி. அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருப்பதாகக் கேள்வி.

நான்காம் நாள் ரெங்கம் ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக்கடையில் ராஜுவைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் அவர் ஓடவில்லை. அதை அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும்.

"தாள நான் மாத்தல, கிராணி ஐயா. மேலிடத்துல மாத்திட்டாங்க. ஜனங்க நம்ம பக்கம் இருக்காங்கன்னு காட்ட ரேகை தேவப்பட்டுச்சு. எனக்கே அப்பறந்தான் தெரியும்."

"சரி. அத வந்து அதிகாரிகிட்ட சொல்லுங்க. நீங்க பயந்தா எழுதியாவது குடுங்க. என் மகன் வந்துருவான்."

"நான் சொன்னா கட்சியக் காட்டிக் கொடுத்ததா ஆயிரும்."

"என் முதல் தாளாவது எங்க?"

அவர் காப்பியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். "கிழிச்சிட்டாங்கன்னு நெனைக்கிறேன். ஐயா, நடேசன் பேர நாங்க மறக்க மாட்டோம். கூட்டத்துல எல்லாம் சொல்றோம்."

"அவன் பேர வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண? ஆளக் குடுங்க" என்றேன். அவர் கண் கலங்கியது. கலங்கியும் அவர் எழுந்து வரவில்லை.

அன்றிரவு முழுக்க யோசித்துப் பார்த்தேன். விடியும்போதுதான் நான் தாள்களில் போட்ட ஊசித் துளைகள் நினைவுக்கு வந்தன. கனகசபை ஐயாவிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். காரணம் கேட்காமல் எழுதிக் கொடுத்தார்.

ஜொகூர் பாருவில் இந்த வழக்கை விசாரித்த போலீஸ் அதிகாரியின் மேசைக்கு எதிரே நின்று, எழுதினவன் நான், என் மகன் இல்லை என்று சொன்னேன். தாள்களைக் கொண்டுவரச் சொல்லிக் கெஞ்சினேன். கொண்டுவந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்படி துபாஷியிடம் சொன்னேன். ரேகைத் தாள்கள் ஆறிலும் இடது ஓரத்தில் மூன்று ஊசித் துளைகள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சரியாகப் பொருந்தின. ஒரு துளையில் என் நூலின் பிசிறுகூட இருந்தது. மேலே இருந்த அச்சுத் தாளில் அந்த மூன்று துளைகள் இல்லை. குண்டூசி குத்திய துருக்கறை ஒன்றுதான். இந்தத் தாளைச் சேர்த்து இவை தைக்கப்படவில்லை, தைத்த தாள் வேறு, அதில் கூரைதான் கேட்டிருந்தோம் என்று விளக்கினேன்.

அதிகாரி ஒவ்வொரு தாளாகத் தாமே தூக்கிப் பார்த்தார். நல்ல மனிதர் என்றுதான் தோன்றியது. நான் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். மேலே அனுப்பி விசாரிப்பதாகச் சொன்னார். என்னை ஏன் அங்கேயே பிடித்துவைக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போ, கூப்பிடும்போது வா என்றார்கள். மகனைப் பார்க்க விடவில்லை.

என் இளைய மகனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடம் உதவி வாங்குவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் ஆள் ரேகை வைக்கும் ஒவ்வொரு தாளின் தலையிலும் எதற்காக வைக்கிறார் என்பதை முழுக்க எழுதுங்கள். ஆறு தாள் என்றால் ஆறு முறை எழுதுங்கள். கை வலித்தாலும் எழுதுங்கள்.

பதினாறு நாள் காத்திருந்தேன். என் மனைவி ஒரு டிரங்குப் பெட்டியில் எனக்குத் துணி அடுக்கி வாசல் பக்கம் வைத்திருந்தாள். என்னைக் கூட்டிப்போக ஆள் வரும், நடேசன் திரும்பி வருவான் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் எனக்குப் பயம் இல்லை. ஆபீசில் என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. ஓய்வு என்று காகிதம் கொடுத்திருந்தார்கள். வீட்டைக் காலி செய்ய ஒரு மாதத் தவணை. எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

பதினேழாம் நாள் மத்தியானம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. என் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வந்தது போலீஸ் இல்லை. கனகசபை ஐயா. செருப்பைக் கழற்றிவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் மனைவியையும் பெட்டியையும் பார்த்தார். பிறகு, திரும்பிக்கொள்ள அங்கே ஜன்னல் இல்லாததால், என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"நீர் குடுத்த வாக்குமூலத்தை அவனுக்கு வாசிச்சுக் காட்டினவையாம். அப்பா பொய் சொல்லுறார், பிள்ளையைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொல்லுறார் எண்டு சொல்லிப்போட்டான். அப்ப எழுதிக் காட்டு எண்டு தாளைக் குடுத்திருக்கினம். எழுதிக் காட்டினவன். உம்மட எழுத்தேதான் காணும், ஒரு சுழியும் மாறேல்லை. நேற்றுக் காலமை கப்பல் ஏத்திப்போட்டினம்."